லிபர்டேரியன் என்றால் இடதா, வலதா? அவசர உதவி தேவை

நள்ளிரவு வாசகி: நாளை மறுநாள் கருத்தரங்கில் பேச வேண்டும். ஒரு புத்தகத்தில் லிபர்டேரியன்கள் (அரசைவிடத் தனிமனிதச் சுதந்திரமே பெரிது என்பவர்கள்) தனிச்சொத்தின் எதிரிகள். இன்னொன்றில் தனிச்சொத்தின் காவலர்கள். இரண்டுமே மியூச்சுவலிசத்தை, அதாவது அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதத்தில் வட்டியும் உழைக்காத லாபமும் இல்லாத பரிமாற்றம் கோரும் பிரிவை, முன்னோடி என்கின்றன. எது சரி?

வரப்பு: எந்தப் புத்தகங்கள்? எந்த நாடு, எந்தக் காலம்? அதைச் சொல்லாவிட்டால் இரண்டுமே சரிதான்.

கீழவீதி: நாடு எதுவானால் என்ன? வட்டியைப் பாருங்கள், போதும். மியூச்சுவலிசத்தை வகுத்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோன் 1849இல் மக்கள் வங்கி தொடங்க முனைந்ததே வட்டியை ஒழிக்கத்தான். வட்டியை ஏற்பவர் மியூச்சுவலிஸ்ட் அல்லர்.

அடிக்குறிப்பு: இது அரிச்சுவடிப் பாடம் அம்மா, முன்பே படித்திருக்க வேண்டும். பிரெஞ்சில் 'லிபர்த்தேர்' (லிபர்டேரியன்) என்ற பெயரை 1857இல் உருவாக்கியவர் பிரெஞ்சு அராஜகவாதி ஜோசப் தெஜாக். நியூ ஆர்லியன்ஸிலிருந்து எழுதிய கடிதத்தில், பெண்களைத் தாழ்த்திப் பேசிய புரூதோனையே 'நீர் லிபரல், லிபர்த்தேர் அல்லர்' என்று சாடினார். ஆக, மியூச்சுவலிசத்தின் தந்தையை எதிர்த்துப் பிறந்த பெயர் அது. அமெரிக்காவில் லிபர்டேரியன் கட்சி வந்தது 1971இல்தான்.

வரப்பு: பெயரின் வரலாறு சரி. ஆனால் பிளவு சொத்தில் இருக்கிறது. மியூச்சுவலிஸ்டுக்கு, குடியிருந்து பயன்படுத்துபவனுக்கே நிலம்; எங்கோ இருந்துகொண்டு வாடகை வாங்குபவனுக்கு உரிமை இல்லை. 1971 கட்சியினருக்கு அந்த வாடகையும் நியாயமான வருமானம். சந்தையை இரு தரப்புமே ஏற்கின்றன, குழப்பம் அதனால்தான். அமெரிக்க அராஜகவாதி ஜோசையா வாரன் 1827இல் சின்சினாட்டியில் நடத்திய கடையைப் பாருங்கள்: சுவரில் கடிகாரம், வாங்குபவர் அடக்கவிலையைத் தந்துவிட்டு, கடைக்காரர் செலவிட்ட நிமிடங்களுக்கு ஈடாகத் தம் உழைப்பைத் தருவதாகச் சீட்டு எழுதுவார். வியாபாரம் உண்டு, உழைக்காமல் வரும் லாபம் இல்லை.

அடிக்குறிப்பு: கடையை விடுங்கள், மக்கள் வங்கி தோற்றதே!

கீழவீதி: தோற்கவில்லை. ஜனாதிபதியைத் தாக்கி எழுதியதற்காகப் புரூதோனுக்குச் சிறைத்தண்டனை விழுந்ததும் அவரே அதைக் கலைத்தார். அது ஒரு கடன்கூடக் கொடுக்கவில்லை. நடக்காத வங்கிக்குத் தோல்வி ஏது?

அடிக்குறிப்பு: நடந்திருந்தாலும் நிலைத்திருக்காது. அமெரிக்க மியூச்சுவலிஸ்ட் டக்கரை மதித்த லிபர்டேரியன் பொருளியலாளர் ராத்பர்டே, வங்கிகளைத் தடையின்றி விட்டால் வட்டி மறையும் என்ற அவருடைய பணக் கொள்கையை நிராகரித்தார்.

கீழவீதி: வட்டியை ஏற்றவர் வேறு எப்படி எழுதுவார்?

வரப்பு: வங்கிச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். கேட்டவர் எங்கே?

நள்ளிரவு வாசகி: ஒன்று பிரெஞ்சு அராஜகவாதிகளைப் பற்றியது, மற்றது எழுபதுகளின் அமெரிக்க நூல். வாடகையில் தொடங்குகிறேன். நன்றி.

வரப்பு: கையோடு டக்கரின் 1888 கட்டுரையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பணம், நிலம், சுங்கவரி, காப்புரிமை என நான்கு ஏகபோகங்களைச் சொல்கிறார். கடைசி இரண்டிலும் இன்றைய லிபர்டேரியன்கள் பலர் அவரோடு ஒத்துப்போவார்கள். நிலத்துக்கு வந்ததும் பிரிந்துவிடுவார்கள்.

கீழவீதி: பணத்தை விட்டுவிட்டீர்களே!