மாஸ்ட் நீளமும் ஃபாயில் டியூனிங்கும்: விங் ஃபாயிலிங் அனுபவப் பகிர்வு

விங் ஃபாயிலிங்கில் கையில் பிடித்த விங் காற்றில் இழுக்க, போர்டு நீருக்கு மேலே எழும்பிப் போகும். போர்டின் அடியில் நிற்கும் தண்டுதான் மாஸ்ட், அதன் கீழ்முனையில் நீருக்குள் இருக்கும் முன்சிறகும் பின்சிறகும் சேர்ந்ததுதான் ஃபாயில். பழகுபவர்களுக்குக் குட்டை மாஸ்ட்தான் நல்லது என்பார்கள். 60 செ.மீ. மாஸ்ட்டில் பழகினால் விழும் உயரம் குறைவு, உண்மைதான். ஆனால் சிற்றலை எழும்பும் நீரில் போர்டின் அடிப்பாகம் அலைமுகட்டில் தட்டிக்கொண்டே இருக்கும், தட்டும்போதெல்லாம் வேகம் செத்துப்போகும். அதைவிடத் தொல்லை, காற்றுக்கு எதிராக ஏறும்போது சாய்வது. 1 மீட்டர் அகலச் சிறகை 30 டிகிரி சாய்த்தால் ஒரு நுனி 25 செ.மீ. மேலே வந்துவிடும். நுனி வெளியே வந்து காற்றை உள்ளே இழுத்தால் தூக்குவிசை பட்டென்று அறுந்து, மூக்கு குத்தும். பழக 70–75, பெரும்பாலான நிலைமைக்கு 80–85 போதும். 90க்கு மேல் பெரிய அலைக்கும் ரேஸுக்கும்.

•

ஆழத்தையும் கணக்கில் வையுங்கள். 85 மாஸ்ட் என்றால் போர்டு மிதக்கும்போதே ஏறக்குறைய 1 மீட்டர் கீழே தொங்கும். 1.2 மீட்டருக்குக் குறைந்த இடத்தில், அதுவும் நீர் வற்றும் நேரத்தில், சிறகு தரை தட்டும்.

நீளம் கூடினால் வளைவும் கூடும். குறுக்குவெட்டும் பொருளும் அதேதான் என்றால், 75ஐ 90 ஆக்கும்போது அதே விசைக்கு மாஸ்ட் சுமார் 1.7 மடங்கு வளையும், ஏனென்றால் வளைவு நீளத்தின் மும்மடிப்படி ஏறுகிறது. நீள அலுமினிய மாஸ்ட்டில் பெரிய சிறகு மாட்டியவர்கள் "போர்டு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை" என்பது பாதி இதனால்தான்.

•

மீதிப் பாதி டியூனிங். மாஸ்ட்டை மாற்றுமுன் ட்ராக்கைப் பாருங்கள், அதாவது மாஸ்ட்டை முன்பின் நகர்த்தப் போர்டின் அடியில் உள்ள பள்ளத்தை. மாஸ்ட்டை அதன் நடுவில் வைத்து மார்க்கரால் கோடு போடுங்கள். முன்கால் அழுத்தியும் போர்டு ஏறிக்கொண்டே போனால் 1 செ.மீ. பின்னே தள்ளுங்கள். எழும்ப வைக்கவே பின்காலை மிதிக்க வேண்டியிருந்தால் 1 செ.மீ. முன்னே. பாதம் வைக்கும் இடத்தை மாற்றாதீர்கள், மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. பெரிய முன்சிறகு மாட்டினால் பெரும்பாலும் பின்னே தள்ள வேண்டிவரும்.

மெதுவாகப் போகும்போது சமம், வேகமெடுத்தால் மட்டும் மூக்கு தூக்குகிறது என்றால் அது ட்ராக் விவகாரம் அல்ல. பின்சிறகு வாலைக் கீழே அழுத்துகிறது, வேகம் கூடக்கூட அந்த அழுத்தமும் கூடும். அரை டிகிரி ஷிம் (மெல்லிய ஆப்புத் தகடு) போட்டுப் பின்சிறகின் முன்விளிம்பைச் சற்று உயர்த்துங்கள். நிறைய பேர் கோட்டைவிடுவது இங்கேதான்: பின்சிறகு ஃபியூசலாஜின் (இரண்டு சிறகையும் இணைக்கும் தண்டு) மேல் உட்கார்ந்தால் ஷிம்மின் தடித்த பக்கம் முன்னால், கீழே தொங்கினால் தடித்த பக்கம் பின்னால். மாற்றிப் போட்டால் கோளாறு இரட்டிப்பாகும். வால் அழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் போர்டு மேலும் கீழும் தள்ளாடும், காற்று தளரும்போது மூக்கு தாழும்.

•

ஷிம் போடுமுன் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். போர்டைக் கவிழ்த்து, முன்சிறகு நுனியைப் பிடித்து ஆட்டினால் ஃபியூசலாஜ் மூட்டில் 'டொக்' சத்தம் வரக்கூடாது. மணல் ஒரு துகள் மாட்டினாலும் இறுக்கம் நிற்காது. மாஸ்ட்டைப் போர்டோடு பிணைக்கும் பிளேட்டின் நான்கு போல்ட்டையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே மூச்சில் முறுக்கினால் ட்ராக் பெட்டி நசுங்கும்.

அலுமினியத்துக்குள் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ, நடுவில் உப்புத் தண்ணீர்: மின்வேதி அரிப்பில் ஸ்க்ரூ ஒட்டிக்கொள்ளும். மரையில் டெஃப்-ஜெல் (அரிப்பைத் தடுக்கும் பசை) தடவுங்கள், ஒவ்வொரு முறையும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இறுகிவிட்ட ஸ்க்ரூவை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் தலை தேய்ந்து, துளையிட்டுத்தான் எடுக்க வேண்டிவரும்.