சோர்ஸிலிருந்து கட்டியதை எங்கே நிறுவுவது?

நள்ளிரவு_ஷெல்:
என்னுடையது டெபியன் 12 லினக்ஸ். அதில் வரும் எஃப்எஃப்எம்பெக்கில் (வீடியோ, ஆடியோவை மாற்றும் கருவி) எஃப்டிகே ஏஏசி என்ற ஆடியோ கோடெக் கிடையாது, உரிமச் சிக்கல். அதனால் சோர்ஸை இறக்கி நானே கம்பைல் செய்தேன், கான்ஃபிகரில் ப்ரிஃபிக்ஸை (நிறுவ வேண்டிய இடத்தை) /யூஎஸ்ஆர் என்று கொடுத்து மேக் இன்ஸ்டாலும் அடித்தேன். இரண்டு வாரம் ஜோராக ஓடியது. நேற்று ஏபிடி (டெபியனின் பேக்கேஜ் நிறுவி) அப்கிரேட் போட்டதும் கோடெக்கைக் காணோம்! அடுத்த முறை எங்கே வைக்க வேண்டும், /ஆப்டிலா?

பழைய_டெர்மினல்:
/யூஎஸ்ஆர் ஏபிடியின் வீடு நண்பரே. அங்கே நீங்கள் வைத்த ஃபைல் உங்களுடையது என்று ஏபிடிக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜிக்குத் தெரியாது, பாதுகாப்பு அப்டேட் வந்தவுடன் தன் ஃபைலை அதன்மேல் எழுதிவிட்டது, அதன் கணக்கில் இதில் தப்பே இல்லை. ப்ரிஃபிக்ஸே கொடுக்காமல் விட்டிருந்தால் தானாக /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குப் போயிருக்கும். சிஸ்டம் அப்டேட் ஆகும்போது அந்த இடத்தில் எதுவும் அழியக் கூடாது என்று எஃப்ஹெச்எஸ்ஸே (எந்த ஃபைல் எங்கே என்று வகுக்கும் தரநிலை) சொல்கிறது, டெபியன் பேக்கேஜ்களும் அங்கே ஃபைல் வைக்கக் கூடாது.

முதலில் சுத்தம் செய்யுங்கள். சோர்ஸ் ஃபோல்டர் இன்னும் இருந்தால் அதே ப்ரிஃபிக்ஸோடு மேக் அன்இன்ஸ்டால், அப்புறம் ஏபிடியில் ரீஇன்ஸ்டால்.

நூலகப்_பூச்சி:
/ஆப்ட் வேறு கதை. பின், லிப் என்ற ஃபோல்டர்களில் பிரித்துப் போடாமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொண்டுவரும் சாமான்களுக்கான இடம் அது, கூகுள் குரோம் /ஆப்ட்/கூகுள்/குரோமில் போய் உட்காருவது அப்படித்தான். எஃப்எஃப்எம்பெக்கை அங்கே வைத்தால் பாத்தில் (ஷெல் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) நீங்களே சேர்க்க வேண்டும், எதற்கு அந்த வேலை?

தனிக்கட்டை:
லோக்கல் சரி, ஆனால் ஆறு மாதம் கழித்து சோர்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு, எந்த ஃபைல் எதனுடையது என்று தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது எதைக் கட்டினாலும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஸ்டோவ் கீழே தனித்தனி ஃபோல்டரில் நிறுவி, குனு ஸ்டோவ் என்ற கருவியை வைத்து லோக்கலில் சிம்லிங்க் (அசல் ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) போட்டுவிடுகிறேன். வேண்டாமென்றால் ஒரே கட்டளையில் லிங்க் எல்லாம் கழன்றுவிடும். மெஷினில் நீங்கள் ஒருவர்தான் என்றால் ஹோமுக்குள் .லோக்கல் போதும், சூடோவே (அட்மின் அனுமதி) வேண்டாம்.

நள்ளிரவு_ஷெல்:
சுத்தம் செய்து லோக்கலில் போட்டுவிட்டேன், ஆனால் இன்னும் பழைய எஃப்எஃப்எம்பெக்தான் ஓடுகிறது? பாத்தில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் முதலில்தான் இருக்கிறது.

பழைய_டெர்மினல்:
அதே டெர்மினலா? பாஷ் ஷெல் பழைய இடத்தை ஞாபகம் வைத்திருக்கும். அதை மறக்கடிக்க ஹாஷ் -ஆர் அடியுங்கள்.

நள்ளிரவு_ஷெல்:
அதேதான். இப்போது ஓடுகிறது, நன்றி!