பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வருவதற்கு முன்பே மெல்பர்னில் பெரிய வீடு வாங்கியவர்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வைகைக்கரை

நானே தொடங்குகிறேன். கொஞ்சம் நீளம்.

2023-ல் எனக்கு 482 விசா, அதாவது வேலைக்கான தற்காலிக விசா. மனைவி, இரண்டு பிள்ளைகள், மதுரையிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் அப்பா அம்மா. மூன்று பெட்ரூம் வாடகை வீட்டில் அப்பா ஹால் சோபாவில்தான் படுப்பார். அவர் எழுந்துவிடக் கூடாதென்று பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குக் கிளம்புவார்கள். அவரோ ஐந்து மணியிலிருந்தே விழித்துக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்திருப்பார். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று பெரிய வீடு பார்க்க ஆரம்பித்தோம். ஒரே நிபந்தனை, கீழ்த்தளத்தில் ஒரு பெட்ரூமும் அதை ஒட்டி பாத்ரூமும் வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது.

மெல்பர்னுக்கு மேற்கே டார்னீட்டில் ஒரு வீடு கிடைத்தது. ஐந்து பெட்ரூம், கேட்டபடியே கீழே ஒன்று. தற்காலிக விசாக்காரர்கள் வீடு வாங்க வெளிநாட்டு முதலீட்டு அனுமதி வேண்டும், ஃபர்ப் என்று எல்லோரும் சொல்வது. விண்ணப்பம் வரி அலுவலகத்துக்குப் போகும். 10 லட்சம் டாலர் வரையிலான வீட்டுக்கு அப்போது கட்டணம் 14,100 டாலர். பதில் வர 30 நாள் ஆகலாம் என்றார்கள். இன்னொரு குடும்பமும் கேட்கிறது என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினார். ஒப்பந்தத்தில் ஃபர்ப், லோன், பில்டிங் இன்ஸ்பெக்‌ஷன் மூன்றும் சரியானால்தான் என்று எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். நாளைக் கடத்த வேண்டாமே என்று முதல் வேலையாக அந்த 14,100-ஐக் கட்டினேன்.

இன்ஸ்பெக்டர் பன்னிரண்டாம் நாள்தான் வந்தார். வயசானவர். சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து சமையலறைத் தரையில் வைத்து விரலை எடுத்தார். குண்டு ஒரு நொடி நின்றது. அப்புறம் மெதுவாக நகர்ந்து, வேகம் எடுத்து, நேரே போய் லாண்டரி கதவில் 'டக்'கென்று இடித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஹால் கதவுக்கு மேலே பெயின்ட் கொஞ்சம் புதுசாகத் தெரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். பட்டி உதிர்ந்தது. உள்ளே கோணலாக ஓடிய விரிசல். குளியலறைக்கு மறுபக்கச் சுவரில் ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்ததும் விடாமல் பீப் சத்தம்.

மெல்பர்ன் மேற்குப் பக்கம் பெரும்பாலும் எரிமலைப் பாறை மக்கிய களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதற்குத் தக்கபடி தளம் போடாத வீடுகள் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். போனில் அப்பாவிடம் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "கரிசல்ல கட்டுன வீடாப்பா? அஸ்திவாரத்தப் பத்தி மொதல்ல கேக்கலையா?" கோவில்பட்டிப் பக்கம் வேலை பார்த்தவர், அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

இன்ஸ்பெக்‌ஷன் நிபந்தனை இருந்ததால் முன்பணம் முழுசாகத் திரும்ப வந்தது. 14,100 வரவில்லை. அனுமதி அந்த ஒரு வீட்டுக்குத்தான், அடுத்த வீட்டுக்கு மாற்றித் தரமாட்டார்கள்.

இரண்டாவது வீடு கிரான்பர்ன் பக்கம், மணல் பாங்கான இடம், 8,20,000 டாலர். இந்த முறை கையெழுத்துக்கு முன்பே இன்ஸ்பெக்டரைக் கூட்டிப் போனேன். செலவு சில நூறு டாலர்தான். இப்படிச் செய்ததில் நடுவில் பிடித்த ஒரு வீடு கை நழுவிப் போனது. போகட்டும். ரிப்போர்ட் சரியாக வந்த பிறகே மறுபடி 14,100 கட்டினேன். பத்திர வரி 44,270. அதற்கு மேல் வெளிநாட்டவர் என்பதற்காக விக்டோரியா மாநிலம் போடும் 8 சதவீதம், 65,600. போன வீட்டு ஃபர்ப் கட்டணத்தையும் சேர்த்தால் 1,38,070 டாலர். இதற்கு பேங்க் ஒரு டாலர் தராது, எல்லாம் கைக்காசு. அப்பா ஊரில் ஒரு பிளாட்டை விற்று அனுப்பினார். 2023 அக்டோபர் 1 முதல், வருஷத்துக்கு 7 லட்சம் ரூபாய்க்கு மேல் (2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சத்துக்கு மேல்) வெளிநாட்டுக்கு அனுப்பினால் 20 சதவீதம் டி.சி.எஸ். என்று இந்திய பேங்க் முன்கூட்டியே வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், வேண்டிய நேரத்தில் அந்தப் பணம் கையில் இருக்காது. அதையும் கணக்கில் வையுங்கள்.

ஏலத்துக்கு விடும் வீடா? தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பழைய வீடு வாங்க முடிந்த காலத்திலும், விலக்குச் சான்றிதழ் (இன்ன வீடு என்று சொல்லாமலே முன்கூட்டி வாங்கும் ஃபர்ப் அனுமதி) இல்லாமல் கையைத் தூக்கக் கூடாது. ஏலத்தில் எடுத்தால் நிபந்தனையும் கிடையாது, மனசு மாறித் திரும்ப மூன்று வேலை நாளும் கிடையாது.

சுன்னாகம்

தம்பி எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். எங்களுக்கு நடந்தது வேற விதம். மனிசி இங்கத்தைய சிட்டிசன், நான் அப்ப பார்ட்னர் விசா. புருசனும் மனிசியும் ஜாயின்ட் டெனன்ட்ஸா (பங்கு பிரிக்காம ரெண்டு பேருக்கும் ஒண்டாச் சொந்தமா) வாங்கினா ஃபர்ப் அனுமதி தேவையில்லை. ஆனா பத்திர வேலை பாக்கிற கன்வேயன்சர் அனுப்பின பேப்பரில டெனன்ட்ஸ் இன் காமன், ஆளுக்குப் பாதி எண்டு அடிச்சிருந்தது. எனக்கு ரெண்டும் ஒண்டுதான் எண்ட நினைப்பு, பேனையும் எடுத்திட்டன். மனிசிதான் "பொறுங்கோ, இது என்னெண்டு கேப்பம்" எண்டு மறிச்சவ. கேட்டாப் பிறகுதான் தெரிஞ்சுது, அப்பிடி எழுதினா அந்த விலக்கு எங்களுக்கு இல்லை. ஒரு சொல்லு! ஆறுதலா ஒவ்வொரு வரியையும் வாசியுங்கோ, விளங்காட்டிக் கேளுங்கோ. கேக்கிறதில வெக்கம் ஒண்டும் இல்லை.

மூணு பிள்ளை அம்மா

ஆறு பெட்ரூம் வாங்கிட்டு, மாடியில ரெண்டு ரூமை ஸ்டூடன்ட்ஸுக்கு விட்டா லோனுக்கு ஆகுமேன்னு நாங்க கணக்குப் போட்டிருந்தோம். அனுமதிக் கடிதத்தைப் படிச்சதும் அந்தக் கணக்கு அப்படியே போச்சு. தற்காலிக விசாவுல வாங்கின பழைய வீட்டுல நாமதான் குடியிருக்கணும், ஒரு ரூமைக்கூட வாடகைக்கு விடக் கூடாது. வீடு காலியா கிடக்கலைன்னு வருஷா வருஷம் கணக்கும் காட்டணும். வாடகை வரும்னு நம்பி பெரிய வீட்டுக்குப் போகாதீங்க.

புதுசா வந்தவன்

அண்ணா, நான் இந்த வருஷம்தான் 482-ல் வந்தேன். அப்பா அம்மாவையும் சேர்த்து ஆறு பேர். நானும் இப்படி வாங்க முடியுமா?

வைகைக்கரை

தம்பி, பழைய வீடு இப்போது முடியாது. 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தற்காலிக விசாக்காரர்களுக்கும் தடை. புது வீடோ வெறும் மனையோ அனுமதியோடு வாங்கலாம். மனைக்குத் தனி ஒப்பந்தம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று போட்டால் 8 சதவீதம் மனை விலைக்கு மட்டும்தான் வரும். நாலு வருஷத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும். மண் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கு, மேற்குப் பக்கம் என்றால் கட்டாயம்.

பி.ஆர். பக்கத்தில் இருந்தால் காத்திரு என்றுதான் சொல்வேன். எனக்கு 2025 பிப்ரவரியில் வந்தது. கட்டிய 65,600-ஐக் கேட்டுப் பார்த்தேன், திரும்பக் கிடைக்காது என்றார்கள். எனக்குக் காத்திருக்க மனசு வரவில்லை, அப்பாவுக்கு அப்போதே எழுபத்து நாலு. இப்போது கீழ் ரூமில்தான் இருக்கிறார். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு மணி வரை தூங்குகிறார்.

இன்னொன்று. ஏஜென்ட் சொல்லும் இன்ஸ்பெக்டரை வைக்காதே, நீயே தேடிப் பிடி. அவர் வரும் அன்று லீவு போட்டுவிட்டு கூடவே நில்.