கத்தி வாயில் பல் விழுவதும் மழுங்குவதும்: எந்த எஃகு எதற்கு?

கேள்வி

ஆறு மாதங்களுக்கு முன்பு வி.ஜி.10 எஃகில் செய்த சமையல் கத்தி ஒன்றை வாங்கினேன். வெங்காயமோ தக்காளியோ, எதை வைத்தாலும் வாரக்கணக்கில் தீட்டாமலேயே அறுத்தது. சென்ற வாரம் உறைந்திருந்த வஞ்சிர மீனை அதே கத்தியால் துண்டு போட்டபோது வாயில் மூன்று இடங்களில் பல் விழுந்துவிட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பிறை வடிவில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருப்பது தெரிகிறது. வீட்டிலுள்ள பழைய வெட்டுக்கத்தியோ எலும்பில் பட்டால் வாய் மடங்குமே தவிர உடைந்ததில்லை. ஆனால் அதை இரண்டு நாளுக்கு ஒருமுறை தீட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு குறையும் இல்லாத எஃகு உண்டா? டி2, 52100, எஸ்30வி ஆகிய பெயர்களைப் பார்த்தேன். எதை வாங்கலாம்?

பதில் 1

உங்கள் இரண்டு கத்திகளும் இரண்டு வேறு குணங்களைக் காட்டுகின்றன. ஒன்று கூர் நிற்கும் திறன், மற்றொன்று முறியாத் திறன். இரண்டையும் பெருமளவு தீர்மானிப்பது எஃகுக்குள் இருக்கும் கார்பைடு என்னும் மிகக் கடினமான துகள்கள்தான். அவை மிகுந்திருந்தால் உராய்வைத் தாங்கி வாய் நெடுநாள் கூராக நிற்கும். ஆனால் அடி விழும்போது அதே துகள்களின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும். அதனால் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைவது இயல்பு.

டி2 எஃகில் சுமார் 1.5 சதவீதம் கார்பனும் 12 சதவீதம் குரோமியமும் இருப்பதால், வார்ப்பு குளிரும்போதே பெரிய குரோமியம் கார்பைடுகள் திரண்டுவிடுகின்றன. கூர் நன்றாக நிற்கும், ஆனால் மெல்லிய வாயாகத் தீட்டினால் பல் விழும். பந்துத் தாங்கிகளுக்கென (பால் பேரிங்) உருவான 52100 எஃகில் கார்பன் 1 சதவீதம், குரோமியம் 1.5 சதவீதம் மட்டுமே. கார்பைடுகள் மிக நுண்ணியவை. ஒரே கடினத்துக்குப் பதப்படுத்தினால் 52100 டி2-வை விட நன்றாக அடி தாங்கும், கூர் மட்டும் முன்னதாகவே போகும்; ஈரத்தோடு வைத்தால் துருவும் பிடிக்கும்.

2001-இல் வந்த எஸ்30வி, உருகிய எஃகைப் பொடியாகச் சிதறடித்து, அப்பொடியை அழுத்தி இறுக்கிச் செய்யப்படுவது. ஒவ்வொரு பொடித்துகளும் நொடியில் உறைந்துவிடுவதால் கார்பைடுகளுக்குப் பெருக்க நேரமில்லை. அதிலுள்ள 4 சதவீத வனேடியம் என்னும் உலோகம் உண்டாக்கும் கார்பைடு, சாதாரண சாணைக்கல்லின் அலுமினியம் ஆக்சைடை விடவும் கடினமானது. எனவே வைரத்தூள் பூசிய தகட்டில் தீட்டுவதே எளிது. இத்தனை இருந்தும், உறைந்த மீனை வெட்டுவதற்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பதில் 2

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பட்டறை வேலை. அரிவாளுக்கு நாங்கள் எடுப்பது பெரும்பாலும் லாரியின் வில்பட்டை. அதில் கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம்தான், காய்ச்சும்போது அது முழுவதும் எஃகுக்குள் கரைந்துவிடுவதால் கார்பைடு மிஞ்சுவதே அரிது. அதனால்தான் அது அத்தனை அடியையும் தாங்குகிறது.

ஆனால் எஃகின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். தோய்ச்சல், அதாவது காய்ச்சிய எஃகைச் சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்குவது, கெட்டால் எந்த எஃகும் கெட்டதுதான். அளவுக்கு மீறிக் காய்ச்சிய துண்டை உடைத்துப் பார்த்தால் முறிந்த இடம் சர்க்கரையைப் போல மினுமினுக்கும். சரியான சூட்டில் தோய்த்தது சாம்பல் நிறத்தில் பட்டுப்போல நுண்மையாக இருக்கும். முந்தையது கல்லில் விழுந்தாலே உடையும். தோய்த்த பிறகு 200 டிகிரி அளவில் மறுபடி சூடேற்றி இளக்காவிட்டாலும் இதே கதிதான். என் தந்தை ஒவ்வொரு புதுப் பட்டையிலும் ஒரு துண்டை நறுக்கித் தோய்த்து, உடைத்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குவார்.

பதில் 3

ஒன்றைச் சேர்க்கிறேன்: வாயின் கோணம். பக்கத்துக்கு 15 பாகை அல்லது அதற்கும் குறைவாகத் தீட்டியிருந்தால், வி.ஜி.10 போல ராக்வெல் என்னும் கடின அளவுகோலில் 60 வரை கடினமாக்கிய எஃகு பக்கவாட்டு முறுக்கலைத் தாங்காது. உறைந்த மீனில் சிக்கிய கத்தியை அசைத்து இழுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 400 எண் சாணைக்கல்லில் (எண் கூடினால் கல் நுண்மையானது) பல் மறையும் வரை தேய்த்து, 20 பாகையில் புது வாய் எடுத்து, 1000 எண் கல்லில் முடியுங்கள்.

கேட்டவர்

ஆம், அசைத்துத்தான் இழுத்தேன். மூவருக்கும் நன்றி. வி.ஜி.10 கத்தியைச் சொன்னபடி தீட்டிக் காய்கறிக்கு வைத்துக்கொள்கிறேன். மீனுக்கு வில்பட்டையில் சிறிய வெட்டுக்கத்தி ஒன்று செய்யச் சொல்லப்போகிறேன். அதற்கு எந்தக் கோணம் சரி?

பதில் 2

முள்ளும் எலும்பும் வெட்டுவதானால் பக்கத்துக்கு 25 பாகைக்குக் குறைய வேண்டாம். முதல் வாரம் வாயைத் தினமும் விரல் நகத்தில் மெல்ல வைத்து ஓட்டிப் பாருங்கள். மடங்கியிருந்தால் நகத்தில் தட்டும்; அப்போது மட்டும் தீட்டினால் போதும்.