எங்கும் ஓடும் நிரல்: சி-யா, ஜாவாவா?

வேதா_பைட்கோடு:
ஒரு நிரல் எந்த மெஷினிலும் ஓட வேண்டும். சி மொழி மாதிரி ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாகக் கம்பைல் செய்வதா (அந்த மெஷினின் மொழிக்கே மாற்றுவதா), ஜாவா மொழி மாதிரி பைட்கோடு என்ற பொதுவான இடைநிலை வடிவமாக்கி, அதை ஓட்ட நடுவில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை (மெஷின் போல நடந்துகொள்ளும் மென்பொருளை) வைப்பதா? என் ஓட்டு ஜாவாவுக்கு. 1970-களின் கடைசியிலேயே யுசிஎஸ்டி பாஸ்கல் என்ற மொழி, பி-கோடு என்ற தன் இடைநிலை வடிவத்தோடு இந்த வழியில் போனது. 1995-ல் ஜாவா அதை ஊரறியச் செய்தது. விண்டோஸில் கட்டிய ஜார் கோப்பை (பைட்கோடு அடங்கிய பொதியை) அப்படியே லினக்ஸில் ஓட்டலாம். சி-யில் நடக்குமா?

கர்னல்வாசி:
அந்த மெய்நிகர் இயந்திரம் எதில் எழுதியது? ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட் சி++-ல், பைத்தானை ஓட்டும் சிபைத்தான் சி-யில். 1973-ல் யூனிக்ஸை சி-யில் திருப்பி எழுதினார்கள். அதனால்தான் 1977-ல் பிடிபி-11 கணினியை விட்டு இன்டர்டேட்டா மெஷினுக்கு அதைக் கொண்டுபோக முடிந்தது. ஒரு ஆபரேட்டிங் சிஸ்டமே இடம் மாறியது, நம் அப்ளிகேஷன் எம்மாத்திரம்?

வேதா_பைட்கோடு:
கம்பைல் ஆவது வேறு, ஒழுங்காக ஓடுவது வேறு நண்பரே. சி-யில் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கும் கெட்சார் ஃபங்ஷன் தருவதை ஒரு பைட் அளவுள்ள சார் வேரியபிளில் வாங்கி, இஓஎஃப் (கோப்பு முடிந்தது என்ற குறி) வரும்வரை சுற்றும் லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்86 பிராசசர் உள்ள லினக்ஸில் சார் மைனஸ் எண்ணையும் தாங்கும், அதனால் இஓஎஃப்பின் -1 அப்படியே நிற்கும், லூப் முடியும். ஆர்ம் பிராசசர் உள்ள லினக்ஸில் சாருக்கு மைனஸ் கிடையாது. -1 என்பது 255 ஆகிவிடும், லூப் நிற்கவே நிற்காது. லாங் என்ற முழு எண் வகையின் கதையும் அதேதான்: 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4.

கர்னல்வாசி:
அது எங்கேயுமே தப்பான நிரல். கோப்பில் 255 என்ற பைட் வந்தால் அதுவும் -1 ஆகி, எக்ஸ்86-லும் பாதியில் நின்றுவிடும். கெட்சார் தருவது இன்ட் என்ற பெரிய முழு எண், இன்ட்டில்தான் வாங்க வேண்டும். லாங் வேண்டாமென்றால் 1999-ன் சி99 தரநிலை முதல் 32 பிட், 64 பிட் என்று அளவு சொல்லியே எடுக்கலாம்.

ஜாவாவுக்கு வருவோம். என்கோடிங் (எழுத்தை பைட்டாக்கும் முறை) சொல்லாமல், கோப்பில் எழுதும் ஃபைல்ரைட்டரில் ஒரு தமிழ் வரி எழுதுங்கள். எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 வைத்த லினக்ஸில் பத்திரமாகப் போகும். தமிழே இல்லாத 1252 கோட்பேஜ் (எழுத்துப் பட்டியல்) உள்ள விண்டோஸில் எழுத்தெல்லாம் கேள்விக்குறி. 2022-ல் ஜாவா கருவித்தொகுப்பான ஜேடிகே 18 வந்த பிறகுதான் யுடிஎஃப்-8 எங்கும் இயல்பானது.

நிலா:
இரண்டு பேர் சொன்ன கோளாறுமே நிரல் வெளியுலகைத் தொடும் இடத்தில்தான் வருகிறது. கோபால் (COBOL) என்ற பழைய நிரல்மொழியை வகுத்தவர்கள் இதை அப்போதே பிடித்துவிட்டார்கள். மெஷின் சார்ந்த விவரங்களையெல்லாம் என்விரான்மென்ட் டிவிஷன் என்ற தனிப் பகுதியில் ஒதுக்கினார்கள். 1960 டிசம்பரில் ஏறக்குறைய ஒரே நிரலை ஆர்சிஏ 501, யுனிவாக் II என்ற இரு வேறு கணினிகளிலும் ஓட்டிக் காட்டினார்கள். இன்றைக்கு கோ மொழியில் இலக்கு சிஸ்டத்தையும் பிராசசரையும் சொன்னால் போதும், பைனரி வந்துவிடும். ஆனால் உள்ளே ஒரு சி லைப்ரரியைக் கூப்பிட்டுப் பாருங்கள், அந்தச் சுகம் அதோடு போச்சு.

வேதா_பைட்கோடு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். நெட்வொர்க், த்ரெட் (ஒரே நிரலில் பல வேலைகளை ஒருசேர ஓட்டுவது), திரை ஜன்னல் எல்லாவற்றையும் ஜாவா தன் லைப்ரரியோடு சேர்த்தே கொடுத்தது. சி தரநிலையில் நெட்வொர்க் இன்றுவரை இல்லை, த்ரெட் வந்ததே 2011-ன் சி11-ல்.

கர்னல்வாசி:
நெட்வொர்க் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2017-லிருந்து சி நிரலை வெப்அசெம்பிளி என்ற பைட்கோடாக்கி பிரவுசரிலேயே ஓட்டுகிறோம். நடு இயந்திரம் இப்போது சி-க்கும் உண்டு. நிலா, உங்கள் சோதனைப் பட்டியலில் பிக் எண்டியன் மெஷின் (எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைப்பது) இருக்கிறதா?

நிலா:
இருக்கிறது. வேறு மெஷினைப் போல நடிக்கும் கியூஎமு மென்பொருளில், ஐபிஎம் மெயின்ஃபிரேமின் எஸ்390எக்ஸ். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் பைட் வரிசையில் தப்பு இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும்.