மாடி பைப்புக்குள் ஒரு ரப்பர் பந்து

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

மழைக்கு முன்னால் மொட்டை மாடியைச் சரி பார்ப்பது பற்றிப் பேச்சு வந்ததால், 2023 டிசம்பரில் சென்னையில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுடையது மூன்று மாடிக் கட்டடம், ஆறு குடித்தனம். மாடி ஏறக்குறைய ஆயிரம் சதுர அடி. நடுவில் மேடு வைத்து இரண்டு பக்கமும் வாட்டம் கொடுத்த தளம். முன்பக்கம் ஒரு மழைத்தண்ணீர் பைப், பின்பக்கம் ஒன்று. பக்கத்து மனையில் பெரிய நாட்டு வாதாம் மரம் இருக்கிறது. காற்றடித்தால் சருகெல்லாம் எங்கள் மாடிக்குத்தான் வரும். அந்த வருடமும் ஐப்பசி பிறப்பதற்குள் பெருக்கி அள்ளினோம். பைப் வாயில் குப்பை போகாமல் தடுக்கும் ஜாலியை (ஓட்டை போட்ட மூடி) கழற்றிக் கழுவி மாட்டினோம். வேலை முடிந்தது என்றே நம்பிவிட்டேன்.

டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. மறுநாள் விடிகாலையில் மேல்மாடி அக்கா கதவைத் தட்டினார். "தம்பி, ஃபேன் கொக்கி வழியா தண்ணி சொட்டுது. கொஞ்சம் மேல வந்து பாரு." கரண்ட் இல்லை. டார்ச்சோடு ஏறிப் போனால் பின்பக்கப் பாதியில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஜாலியில் ஒரு இலைகூட இல்லை. ஆனால் கையை வைத்துப் பார்த்தால் இழுவையே இல்லை. ஜாலியை எடுத்துவிட்டு, கொடி கட்டும் மூங்கிலை உள்ளே விட்டேன். ஒரு முழத்துக்குக் கீழே இடித்து நின்றது.

நானும் கீழ்வீட்டு அண்ணனும் பக்கெட்டால் மொண்டு மொண்டு மேட்டைத் தாண்டி முன்பக்கம் கொட்டினோம். விடிந்து வெகுநேரம் வரை அதே வேலை. பிறகு கணக்குப் போட்டேன். ஐந்நூறு சதுர அடியில் நான்கு அங்குலம் தண்ணீர் நின்றாலே சுமார் 4,700 லிட்டர், நாலரை டன்னுக்கு மேல். 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பாதியை அந்த அக்கா தலைக்கு மேல் நிறுத்தி வைத்த மாதிரி. அவர் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

மழை விட்டதும் பிளம்பர் வந்து, பைப் வளையும் இடத்தில் இருந்த எல்போவை அறுத்தார். உள்ளே ஒரு ரப்பர் பந்து. அதைச் சுற்றி அறுந்த மாஞ்சா நூல், பட்டக் காகிதம், சருகு எல்லாம் கூடு கட்டின மாதிரி இறுகியிருந்தது. கோடை விடுமுறையில் ஜாலி உடைந்து, இரண்டு மாதம் புதிது வாங்காமல் விட்டிருந்தோம். பிள்ளைகள் மாடியில் கிரிக்கெட் ஆடியபோது பந்து உள்ளே போயிருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மழையெல்லாம் பந்தின் ஓரமாகக் கசிந்து இறங்கியதால் யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஜாலியை உடனே மாற்றியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

மூன்று அங்குல பைப்பை எடுத்துவிட்டு நான்கு அங்குலம் போட்டோம். தட்டை ஜாலி மேல் ஒரு வாதாம் இலை படுத்தாலே பாதி வாய் மூடிவிடும் என்பதால் குமிழ் மாதிரி மேலே எழும்பியிருக்கும் ஜாலி வாங்கினோம். முக்கியமாக, இப்போதெல்லாம் தண்ணீர் கொட்டிப் பார்க்காமல் விடுவதில்லை. இரண்டு பக்கெட் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுவோம். ஒருவர் கீழே பைப்படியில் நிற்பார். கொடகொடவென்று மொத்தமாக வந்து விழ வேண்டும். நூல் மாதிரி வந்தாலோ, மேலே வாயில் தேங்கிச் சுழன்றாலோ உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சுவரில் ஈரக்கோடு தெரிந்தால் ஜாயிண்ட் விட்டிருக்கிறது.

தீபாவளிக்கு மறுநாள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். வெடிக் காகிதம் நனைந்தால் கூழாகி ஜாலியில் பசை போல ஒட்டிக்கொள்கிறது. புரட்டாசியில் செய்த சுத்தமெல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும்.

ராயபுரத்திலிருந்து:

எங்களுடையது என் மாமனாரின் அப்பா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்குக் கட்டை, மேலே செங்கல், சுண்ணாம்பு, தட்டோடு. இந்த மாதிரி வீட்டில் தண்ணீர் நின்றால் ஒழுகுவதோடு போகாது, கட்டையின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துப் போகும். வெளியே ஒன்றும் தெரியாது.

எங்களுக்குத் தொல்லை அரசஞ்செடி. காக்காய் எச்சத்தில் விதை வந்து, மாடித் தண்ணீர் வெளியேறும் தூம்பும் சுவரும் சேரும் இடத்தில் முளைத்துவிட்டது. நானே இரண்டு வருடம் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். மேலே கிள்ளக் கிள்ள வேர் உள்ளே தடித்துக்கொண்டே போனதுதான் மிச்சம். கடைசியில் வயதான கொத்தனார் ஒருவர் வந்து, இரண்டு வரிசைச் செங்கலைப் பிரித்து வேரை முழுதாக எடுத்தார். சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டாம், பழைய சுண்ணாம்போடு அது சேராது, ஓரத்தில் வெடிப்பு விட்டு அதன் வழியே தண்ணீர் இறங்கும் என்று சொல்லிச் சுண்ணாம்புக் கலவையே போட்டார். அதற்குப் பிறகு அந்த மூலையில் ஓதம் இல்லை. செடி இரண்டு இலையாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

பைப்பைப் பிடிக்கும் கிளாம்பையும் பாருங்கள். எங்கள் பக்கம் உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரமே தின்றுபோகும்.

வியாசர்பாடியிலிருந்து:

மேலே தண்ணீர் ஒழுங்காக இறங்கினாலும் எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கள் கட்டடத்தில் மாடி பைப்பை யாரோ எப்போதோ கழிவுநீர்க் குழாயில் சேர்த்திருக்கிறார்கள். பெருமழை பெய்தால் கீழ்வீட்டு டாய்லெட் வழியாகச் சாக்கடை பொங்கும். நாங்கள் தெருவைத் திட்டிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டு அம்மா ஒவ்வொரு மழைக்கும் பெட்டி படுக்கையைக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

போன வருடம் அந்த இணைப்பைப் பிரித்து மழைநீர்த் தொட்டிக்குத் திருப்பினோம். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட தொட்டி. திறந்தால் கழுத்து வரை மண். அதை அள்ளிவிட்டு ஜல்லியைக் கழுவிப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. முதல் மழையை மட்டும் தொட்டிக்கு விடாமல் வெளியே விடுகிறோம், மாடி அழுக்கெல்லாம் அதில்தான் வரும். தெரு வடிகாலில் மண் அடைத்திருந்தால் சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913க்குச் சொல்லுங்கள். பிரித்த பிறகு வந்த மழையில் அந்த அம்மா வீட்டில் தண்ணீர் பொங்கவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

இதைப் படித்ததும் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். எங்கள் பின்பக்க பைப் தரைக்குள் இறங்குகிறது. அதற்கப்புறம் எங்கே போகிறது என்று கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறேன். ராயபுரம் அக்கா, அரசஞ்செடியும் ஒன்று இருந்தது, சன்ஷேடு ஓரத்தில், நான்கு இலை. வேரோடு வந்துவிட்டது.