உள்ளக மேற்பார்வை நாளில் பச்சையாக மாறிய செவ்வரத்தம்பூச் சாறு

மட்டக்களப்பு விஞ்ஞான ஆசிரியை:
முதல் நாள் பாடசாலை விடும் நேரத்தில்தான் பிரதி அதிபர், "நாளை மூன்றாம் பாடவேளை உங்களுக்கு உள்ளக மேற்பார்வை" என்றார்; அதாவது, பாடசாலை நிர்வாகத்தினரே வகுப்பில் அமர்ந்து கற்பித்தலைப் படிவத்தில் மதிப்பிடுவது. இரவிரவாக 22 படவில்லைகளைத் தயாரித்து, பாடசாலையிலிருந்த ஒரேயொரு புரொஜெக்டரையும் கேட்டுப் பெற்றேன். அமிலங்களும் மூலங்களும் பாடம். ஒன்பதாவது படவில்லையில் நின்றபோது, முன் வாங்குப் பையன் ஒருவன், அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து எடுத்து வந்த சுண்ணாம்பைச் செவ்வரத்தம்பூச் சாற்றில் விரலால் கரைத்துவிட்டு, "டீச்சர், பச்சையாகிவிட்டது!" என்று எழுந்தான். பின் வாங்கில் படிவத்துடன் பிரதி அதிபர். கையில் இன்னும் 13 படவில்லைகள். "இரு, அது கடைசியில்தான்" என்று அவனை அமர்த்திவிட்டேன். அவன் விரலைச் சட்டையோரத்தில் துடைத்த பச்சைக் கறை இன்றும் கண்ணில் நிற்கிறது. தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கு எனக்கு "மிக நன்று" கிடைத்தது.

யாழ்ப்பாணக் கணித ஆசிரியர்:
டீச்சர், இதில் மேற்பார்வையின் பிழை என்ன இருக்கிறது? அவனை அமர்த்தியது நீங்கள்தானே. எங்கள் பகுதித் தலைவர் என் வகுப்பில் புள்ளியே இடவில்லை. வாங்குகளை ஒரு தாளில் வரைந்து, நான் யாரிடம் கேள்வி கேட்டாலும் அவ்விடத்தில் ஒரு கோடு போட்டார். 40 நிமிட முடிவில் வலப்பக்க முன் வாங்குகள் கோடுகளால் கறுத்திருந்தன; யன்னலோர வரிசையில் ஒன்றுகூட இல்லை. அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பதினொரு வருடங்களாகக் குழுமுறையில் கற்பிப்பதாக நான் பாடக்குறிப்பில் எழுதிவந்ததை நினைத்துக் கூசினேன்.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்:
கணித ஆசிரியர் சொல்வதை நான் ஏற்கவில்லை. முதல் நாள் மாலையில் அறிவித்துவிட்டு வருபவருக்குக் காட்சிதான் கிடைக்கும், பாடம் கிடைக்காது. நானும் ஒரே நாளில் ஏழு வகுப்புகளுக்குள் சென்று, மாலையில் எந்தக் குறிப்பு யாருடையது என்று தெரியாமல் திண்டாடியவன்தான். 2007 சீர்திருத்தத்துடன் தரம் 6, 10 ஆகியவற்றுக்கு 5ஈ முறை (ஆங்கிலத்தில் E எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளில் கற்பிப்பது) வந்தபோது, ஈடுபடுத்தலை அடுத்து மாணவர் தாமே செய்து பார்க்கும் கண்டறிதல் என்று பயிற்சிகளில் நாங்களே சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பையன் செய்தது அதைத்தான். ஆனால் நாங்கள் கொண்டுசென்ற படிவமோ ஆசிரியரின் குரலையும் கரும்பலகை எழுத்தையும் அளந்துகொண்டிருந்தது. ஆகவே இளம் ஆசிரியர்கள் மேற்பார்வையாளரைப் பாடத்துக்கு முன்பே பத்து நிமிடம் சந்தித்து, எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லிவிட வேண்டும். அன்றே பின்கலந்துரையாடலையும் கேட்டுப் பெற வேண்டும். புள்ளியைக் கடைசியாகப் பார்த்தால் போதும். கற்பித்தலை மேம்படுத்த ஆசிரியர்கள் கூடிப் பேசும் தரவட்டக் கூட்டத்திலும் இதைப் பேசலாம். புரொஜெக்டர் இல்லாத நாளொன்றுக்கு அவரை அழைப்பது இன்னும் நல்லது.

மட்டக்களப்பு விஞ்ஞான ஆசிரியை:
ஐயா, நான் ஆலோசனை கேட்டு எழுதவில்லை. அந்தத் தவணை முடியும்வரை அவன் மறுபடி எழுந்து நிற்கவேயில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.